‘ஈஸ்ட்மென் கலர்’ தெரியும், ஈஸ்ட்மெனைத் தெரியுமா?

ரெங்கம், மார்ச் 14 – எங்கள் பாட்டி வீட்டு அலமாரியில் ஒரு திருமண ஆல்பம் இருக்கிறது. பெரியம்மாவின் கல்யாணப் படங்கள், எழுபதுகளில் எடுத்தவை. ஆல்பத்தைத் திறந்தால் எல்லாமே செம்மண் நிறம். பந்தலில் கட்டிய வாழைமரம் பழுப்பு, மாவிலைத் தோரணம் பழுப்பு, பெரியம்மாவின் கூறைப்புடவையும் பழுப்பு. பாட்டியோ அந்தப் புடவை கிளிப்பச்சை என்று இன்றுவரை சாதிக்கிறார். படத்தைப் பார்த்து வளர்ந்த பேரப்பிள்ளைகளான நாங்கள் அது அரக்கு நிறம்தான் என்று சாதித்து வந்தோம்.

இன்னொரு குறையும் உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மல்லிகை மாலையோடு நிற்கும் பெரியப்பாவின் முகம் எந்தப் படத்திலும் தெளிவாக இல்லை. மாலை பளிச்சென்று தெரிகிறது. முகம் நிழலாகத்தான் இருக்கிறது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய இளவயது முகத்தைப் பார்க்க எங்களுக்கு வேறு படமும் இல்லை.

இந்த இரண்டு குறைகளுக்கும் காரணம் தேடிப் போனபோதுதான் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. அவர் பெயரை நாம் அனைவரும் அறிவோம். பழைய தமிழ்ப் படங்களின் சுவரொட்டியிலும், திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலிலும் ‘ஈஸ்ட்மென் கலர்’ என்று பெரிய எழுத்தில் வரும். 1964-இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ அப்படி வந்த படம்தான். அது ஏதோ ஒரு வண்ணத்தின் பெயர் என்று நினைத்தவர்கள் நம்மில் பலர். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். கோடாக் நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மென் அவர். இன்று அவருடைய நினைவு நாள்.

பள்ளியை விட்ட சிறுவன்

ஜார்ஜ் ஈஸ்ட்மென் 1854-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ரோச்செஸ்டர் நகரில் வணிகக் கல்லூரி ஒன்றை நடத்தி வந்தார். ஜார்ஜுக்கு எட்டு வயது நிரம்பும் முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் மரியா, வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டு, வந்து தங்கியவர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த அக்காள் ஒருத்தி, ஜார்ஜின் பதினாறாம் வயதில் இறந்துபோனாள்.

குடும்பத்தின் நிலையைப் பார்த்து, 14 வயதிலேயே ஜார்ஜ் பள்ளிப் படிப்பை நிறுத்தினார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் எடுபிடி வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 3 டாலர். இரவில் வீட்டில் கணக்கியல் படித்தார். 1874-இல் ரோச்செஸ்டர் சேமிப்பு வங்கியில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் வாரம் 15 டாலராக உயர்ந்தது. அப்பா இல்லாத வீட்டில் பிள்ளை சுமக்கும் பாரம் தோட்டத்தில் வளர்ந்த நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மா இனி வேலை செய்யக்கூடாது என்பதுதான் அந்த இளைஞருக்கு அப்போது இருந்த ஒரே இலட்சியம்.

சமையலறையில் தொடங்கிய தொழில்

24 வயதில் விடுமுறைக்கு சாண்டோ டொமிங்கோ போக நினைத்தார். போகும் இடத்தைப் படம் எடுத்து வரலாமே என்று அலுவலக நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். உடனே ஒரு கேமராவும் அதற்கு வேண்டிய சாமான்களும் வாங்கினார். பயணம் நடக்கவில்லை. கேமராதான் மிஞ்சியது.

அந்தக் காலத்துக் கேமராவை நம் கைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. கனத்த பெட்டி, முக்காலி, கண்ணாடித் தகடுகள், இரசாயனப் புட்டிகள், தண்ணீர்ப் பாத்திரம், இருட்டுக் கூடாரம் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு படம். எடுக்கும் இடத்திலேயே கூடாரத்துக்குள் புகுந்து, கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன்பே படம் எடுத்து, உடனே கழுவவும் வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளவே 5 டாலர் கட்டணம் கொடுத்தார் ஈஸ்ட்மென்.

இத்தனை பாடு எதற்கு என்ற கேள்விதான் அவரை மாற்றியது. ஜெலட்டின் கலந்த மருந்தைப் பூசிக் காயவைத்தால், வேண்டும்போது பயன்படுத்தும் ‘உலர் தகடு’ செய்யலாம் என்று இங்கிலாந்து இதழ்களில் படித்தார். பகலில் வங்கி வேலை. இரவில் அம்மாவின் சமையலறை அடுப்பில் ஜெலட்டினையும் வெள்ளி உப்பையும் காய்ச்சும் வேலை. பல இரவுகள் அடுப்புக்கு அருகிலேயே தரையில் படுத்துத் தூங்கினார். தகடுகளுக்கு மருந்து பூசும் இயந்திரத்தையும் உருவாக்கினார். அதற்கு 1879-இல் இங்கிலாந்திலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது.

1880-இல் ரோச்செஸ்டரில் ஒரு கட்டடத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து உலர் தகடுகளை விற்கத் தொடங்கினார். குதிரைவண்டிச் சாட்டை தயாரிக்கும் தொழிலில் இருந்த ஹென்றி ஸ்ட்ராங் பங்குதாரராகச் சேர்ந்தார். வங்கியில் தமக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு இயக்குநர் ஒருவரின் உறவினருக்குப் போனதும், 1881-இல் ஈஸ்ட்மென் அந்த வேலையை உதறினார்.

கெட்டுப்போன தகடுகள்

அவருடைய வாழ்க்கையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இதுதான். தொழில் தொடங்கிய சிறிது காலத்திலேயே, தகடுகளில் படமே விழவில்லை என்று புகார்கள் வந்தன. கடைகளில் அதிக நாள் இருந்த தகடுகள் ஒளியை உணரும் தன்மையை இழந்திருந்தன. அடுத்துப் புதிதாகச் செய்தவையும் சரியாக வரவில்லை.

புது நிறுவனம். கையில் பணம் குறைவு. விற்றது விற்றதுதான் என்று இருந்திருக்கலாம். ஈஸ்ட்மென் கெட்ட தகடுகளைத் திரும்பப் பெற்று, மாற்றித் தந்தார். தொழிற்சாலையை நிறுத்திவிட்டு இரவு பகலாகச் சோதனை செய்தார். விடை கிடைக்காமல் கப்பலேறி இங்கிலாந்து போய், நியூகாசலில் இருந்த தகட்டுத் தொழிற்சாலையில் வேலை நுணுக்கங்களைப் பார்த்து வந்தார். கடைசியில் தெரிந்தது, குறை அவர் கைப்பக்குவத்தில் இல்லை என்பது. வாங்கிய ஜெலட்டினில்தான் கோளாறு. அன்று முதல் எந்த மூலப்பொருளையும் சோதிக்காமல் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தார்.

இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான முடிவும் உண்டு. ஜெலட்டின் என்பது மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஒரு ஜெலட்டின் நன்றாக வேலை செய்வதும் இன்னொன்று செய்யாததும் ஏன் என்று கோடாக் ஆய்வுக்கூடத்தின் சாமுவேல் ஷெப்பர்ட் 1920-களில்தான் கண்டுபிடித்தார். மாடு மேய்ந்த கடுகுச் செடி போன்ற தாவரங்களில் உள்ள கந்தகப் பொருள், நுண்ணிய அளவில் ஜெலட்டினில் தங்கிப் பிலிமின் ஒளியுணர்வைக் கூட்டுகிறது. நம் தாளிப்புக் கரண்டியில் வெடிக்கும் கடுகின் காரத்துக்கும் அந்த வகைக் கந்தகப் பொருளே காரணம். மாடு எதை மேய்ந்தது என்பதைப் பொறுத்து நம் படம் அமைந்தது என்றால் நம்பத்தான் முடியவில்லை.

பொத்தானை அழுத்தினால் போதும்

கண்ணாடி கனமானது, உடையக்கூடியது. அதற்குப் பதில் சுருட்டி வைக்கும் பொருள் வேண்டும் என்று தேடினார். முதலில் தாள் சுருள். பிறகு 1889-இல், அவருடைய வேதியியலாளர் ஹென்றி ரைக்கன்பேக்கின் உழைப்பால், ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுச் சுருள். நாம் பிலிம் ரோல் என்று அழைத்தது அதன் வழிவந்ததுதான். தாமஸ் எடிசன் திரைப்படச் சோதனைகளுக்கு வாங்கியதும் இந்தச் சுருளைத்தான்.

அதற்கு ஓராண்டு முன்பு, 1888-இல், ‘கோடாக்’ என்ற கேமராவை வெளியிட்டிருந்தார். அந்தப் பெயருக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. ஆங்கிலத்தின் ‘கே’ எழுத்து வலிமையானது என்று அவர் கருதியதால் அந்த எழுத்திலேயே தொடங்கி அந்த எழுத்திலேயே முடியும் சொல்லை உருவாக்கினார். சுருக்கமாக இருக்க வேண்டும், யாரும் தவறாக உச்சரிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பதே அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

அந்தக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே ரோச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலருக்குப் படங்களைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருளையும் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டுமே வாடிக்கையாளரின் வேலை, மீதியெல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு என்று விளம்பரம் செய்தார்கள். படம் எடுப்பவர் வேறு, கழுவுபவர் வேறு என்ற ஏற்பாடு இங்குதான் பரவலானது. பட்டணத்துப் போட்டோ கடையில் பிலிமைக் கொடுத்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோமே, அந்தக் காத்திருப்பின் தொடக்கமும் இதுதான்.

1900-இல் வந்த பிரவுனி கேமராவின் விலை ஒரே ஒரு டாலர். பிலிம் 15 காசு. பிள்ளைகளும் தொழிலாளர் குடும்பங்களும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படம் எடுக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அதுவரை ஒளிப்படம் என்பது ஸ்டுடியோவில் விறைப்பாக நின்று எடுப்பது.

வண்ணத்துக்கான நீண்ட தேடல்

கறுப்பு வெள்ளையில் உலகை வென்ற ஈஸ்ட்மெனுக்கு வண்ணம் மட்டும் எட்டாக் கனியாக இருந்தது. 1907-இல் பிரான்சின் லூமியர் சகோதரர்கள் ‘ஆட்டோக்ரோம்’ என்ற வண்ணத் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். சாயம் ஏற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களைக் கண்ணாடியில் பரப்பிச் செய்தது அது. அழகாக இருந்தாலும் விலை அதிகம். அதிலிருந்து பிரிண்ட் போடுவதும் எளிதல்ல.

இது நம்மால் முடியாத காரியம் என்று ஒதுங்காமல், 1912-இல் இங்கிலாந்திலிருந்து கென்னத் மீஸ் என்ற அறிவியலாளரை அழைத்து ஆய்வுக்கூடம் ஒன்றை ஒப்படைத்தார் ஈஸ்ட்மென். மீஸை வேலைக்கு எடுப்பதற்காக அவர் பங்குதாரராக இருந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார். உடனடி இலாபத்தை எதிர்பார்க்கவில்லை.

1915-இல் அந்த ஆய்வுக்கூடத்தின் ஜான் கேப்ஸ்டாஃப், சிவப்பு, பச்சை ஆகிய இரு வண்ணங்களை மட்டும் கொண்டு படம் எடுக்கும் முறையை உருவாக்கினார். முகங்கள் நன்றாக வந்தன; ஆனால் நீலவானம் வரவில்லை. 1928-இல் ‘கோடாகலர்’ என்ற வண்ணச் சினிமாச் சுருளைத் தம் வீட்டுத் தோட்டத்தில் விருந்து வைத்து வெளியிட்டார். எடிசனும் அந்த விருந்துக்கு வந்திருந்தார். அதுவும் திரையில் மட்டுமே பார்க்கக்கூடியது. கையில் எடுத்துப் பார்க்கும் வண்ணப் பிரிண்ட் அதிலிருந்து கிடைக்காது.

1930-இல் மீஸ் இரண்டு இளைஞர்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தார். ஒருவர் பியானோ கலைஞர் லியோபோல்ட் மேன்ஸ். இன்னொருவர் வயலின் கலைஞர் லியோபோல்ட் கோடோவ்ஸ்கி. இசைக்கலைஞர்களான இவர்கள்தான் ஒரே பிலிமில் மூன்று அடுக்குகளைப் பூசி முழு வண்ணத்தையும் பிடிக்கும் ‘கோடாக்ரோம்’ பிலிமைக் கண்டுபிடித்தார்கள். அது விற்பனைக்கு வந்த ஆண்டு 1935. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஈஸ்ட்மென் இறந்துவிட்டார்.

வண்ணப் பிரிண்ட் போடுவதற்கான கோடாகலர் நெகட்டிவ் பிலிம் 1942-இல் வந்தது. திரைப்படங்களுக்கான ஈஸ்ட்மென் கலர் 1950-இல் வந்தது. தம் பெயர் தாங்கிய வண்ணத்தை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.

கொடுத்துச் சிவந்த கை

ஈஸ்ட்மென் குறையே இல்லாத மனிதர் அல்லர். போட்டி நிறுவனங்களை விலைக்கு வாங்கி ஏகபோகம் நடத்தியதாக அமெரிக்க அரசே அவர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. செல்லுலாய்டுப் பிலிமுக்கு அவருக்கு முன்பே காப்புரிமை கேட்டவர் ஹன்னிபல் குட்வின் என்ற பாதிரியார். நீண்ட வழக்கின் முடிவில், 1914-இல், குட்வினின் உரிமையைப் பெற்றிருந்த நிறுவனத்துக்கு கோடாக் 50 இலட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. அதைப் பார்க்கக் குட்வின் உயிரோடு இல்லை.

ஆனால் சேர்த்ததை அவர் பூட்டி வைக்கவில்லை. 1919-இல் தம் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு 2 கோடி டாலர் வழங்கியபோது தம் பெயரை மறைத்து ‘திரு. ஸ்மித்’ என்ற பெயரில் கொடுத்தார். கறுப்பினத்தவர் படித்த டஸ்கீகி, ஹாம்ப்டன் நிறுவனங்களுக்கும் வாரி வழங்கினார். ரோச்செஸ்டரில் இசைப்பள்ளி நிறுவினார். ஏழைப் பிள்ளைகளின் பல் சிகிச்சைக்கு ரோச்செஸ்டரிலும், லண்டன், ரோம், பாரிஸ் உள்ளிட்ட நகரங்களிலும் மருத்துவ மையங்கள் அமைய நிதி தந்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை அம்மாதான் அவருக்கு எல்லாம். 1907-இல் தாய் இறந்தபோது, யார் முன்னும் கலங்காத அந்த மனிதர் அழுததை நண்பர்கள் பார்த்தார்கள்.

முதுமையில் முதுகெலும்பு நோய் அவரை முடக்கியது. நிற்பதும் நடப்பதும் வேதனையாயிற்று. 1932 மார்ச் 14 அன்று, தம் 77-ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இத்தனை பேருக்கு மருத்துவ வசதி செய்து தந்தவர், தம் வலியைப் பகிர்ந்துகொள்ள ஆளின்றிப் போனார் என்பது இந்த வாழ்க்கையின் பெருந்துயரம். அப்படி ஒரு வலி உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ இருந்தால் தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் 03-7627 2929 என்ற எண்ணில் காது கொடுத்துக் கேட்கக் காத்திருக்கிறார்கள்.

நம் முகத்துக்கு ஏற்ற வண்ணம்

இப்போது பாட்டியின் ஆல்பத்துக்கு வருவோம். வண்ணப் பிரிண்டில் மஞ்சள், மெஜந்தா எனும் கருஞ்சிவப்பு, சயான் எனும் பச்சைநீலம் ஆகிய மூன்று சாயங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்துத் தாள்களில், ஆல்பத்துக்குள் மூடி வைத்திருந்தாலும், பச்சைநீலச் சாயம்தான் முதலில் மங்கும். அது போனால் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சிப் படம் முழுவதும் செம்மண் பூசியதுபோல் ஆகிவிடும். நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் அதை விரைவுபடுத்தும். பக்கங்களில் பசை தடவி மேலே பிளாஸ்டிக் ஒட்டிய ஆல்பங்கள் அன்று எல்லா வீட்டிலும் இருந்தன. அந்தப் பசையும் படங்களுக்குக் கேடுதான்.

பெரியப்பாவின் முகம் கறுத்துப் போனதற்குக் காரணம் வேறு. பிரிண்ட் போடும் இயந்திரம் ஒரு படத்தின் ஒளியைச் சராசரி பார்த்துத்தான் வேலை செய்யும். படத்தில் வெள்ளை அதிகமாக இருந்தால், எல்லாவற்றையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடும். வேட்டியும் மாலையும் சரியாக வர, முகம் இருண்டுவிடும்.

இதற்குப் பின்னால் இன்னொரு காரணமும் உண்டு. கடைகள் வண்ணத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் பல ஆண்டுகளாக ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். முதன்முதலில் அப்படிப் படத்தில் நின்ற ஊழியரின் பெயரை வைத்து அதை ‘ஷெர்லி கார்டு’ என்று அழைத்தார்கள். அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி என்று கணக்கு. கருமையான தோலின் நுட்பமான நிறவேறுபாடுகள் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. மரத் தளவாடங்களையும் சாக்லெட்டையும் விளம்பரம் செய்த நிறுவனங்கள், தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான் அந்தக் குறை கவனிக்கப்பட்டது. பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் மாதிரிப் படம் வந்தது 1990-களில். நம் கல்யாணப் படங்களில் நம் முகம் இருண்டது நம் நிறத்தின் குற்றமல்ல.

பிலிம் வாங்குவோர் கவனத்துக்கு

இப்போது இளைஞர்களிடையே பிலிம் கேமரா மீண்டும் வந்திருக்கிறது. தாத்தாவின் கேமராவைத் தூசி தட்டி எடுத்தவர்கள் சில செய்திகளை மனத்தில் வைத்தால் நல்லது.

முதலில் பிலிமின் வேக எண். உச்சி வெயிலில், திடலிலோ தோட்டத்துக் கோயில் திருவிழாவிலோ எடுப்பதற்கு 100 அல்லது 200 போதும். படம் நுணுக்கமாக வரும். ரப்பர் மரநிழல், மழைக்கால மாலை, மண்டபத்துக்குள் என்றால் 400 வேண்டும். அதற்கு மேலுள்ள எண்களில் துகள் துகளாகத் தெரியும்.

அடுத்து, நெகட்டிவா ஸ்லைடா என்பது. பிரிண்ட் போட வேண்டுமானால் நெகட்டிவ் பிலிம் வாங்குங்கள். அது ஒளி சற்றுக் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால்தான் பொறுக்காது. அதனால் கருமையான முகத்தை வெள்ளை உடையோடு எடுக்கும்போது, முகத்துக்குப் பக்கத்தில் போய் ஒளியை அளந்து, அந்த அளவிலேயே எடுங்கள். வெள்ளை வேட்டியை நம்பி அளந்தால் முகம் இருண்டுவிடும். ஸ்லைடு பிலிம் கூடினாலும் குறைந்தாலும் மன்னிக்காது.

பெட்டியில் உள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, கேமராவில் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். காருக்குள் வெயிலில் விட்டால் பிலிம் பாழ். எடுத்து முடித்த பிலிமை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் உடனே கழுவக் கொடுங்கள். வண்ண நெகட்டிவ் கழுவும் முதல் மருந்தின் வெப்பம் ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ், நேரம் 3 நிமிடம் 15 விநாடி. இதில் சிறிது பிசகினாலும் வண்ணம் மாறும். அதனால் நாள்தோறும் பிலிம் கழுவும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள்.

பிரிண்ட் சரியில்லை என்றால் அப்படியே வாங்கி வராதீர்கள். முகத்தைப் பார்த்து ஒளியைச் சரிசெய்து மறுபடி போட்டுத் தரும்படி கேளுங்கள். அது நம் உரிமை. கெட்ட தகட்டைத் திரும்பப் பெற்றவர் தொடங்கிய தொழில் இது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது நெகட்டிவ். படத்தை மட்டும் ஆல்பத்தில் ஒட்டிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பிஸ்கட் டின்னில் இருந்த முகம்

எங்கள் பாட்டி போடவில்லை. தையல் சாமான்களோடு ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அந்த நெகட்டிவ் துண்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். அது எதற்கு என்று அவருக்கே தெரியாது. கடைக்காரர் கொடுத்தது, தூக்கிப் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவற்றைக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது வண்ணம் கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. ஆனாலும் சரிசெய்யச் சரிசெய்ய, பந்தல் வாழைமரம் பச்சையாயிற்று. புடவையும் பச்சையாயிற்று. ஐம்பது ஆண்டு வழக்கில் பாட்டி வென்றார்.

பிறகு முகத்துக்குப் பார்த்து ஒளியைக் கூட்டினோம். மாலைக்கு மேலே, இத்தனை ஆண்டுகள் நிழலாக இருந்த இடத்தில், மெல்லிய மீசையோடு, கொஞ்சம் பயந்த கண்களோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓர் இளைஞர் நின்றார். பெரியம்மா அந்தத் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு, சட்டமிட்டு, ரெங்கம் வீட்டின் கூடத்தில் இப்போது மாட்டியிருக்கிறோம்.

ரோச்செஸ்டரின் சமையலறையில் அடுப்போரம் படுத்துத் தூங்கிய ஒரு வங்கி எழுத்தர் இல்லாமல், ரெங்கத்தில் அந்த முகம் நமக்கு மிஞ்சியிருக்காது. ஆனால் அதைக் காப்பாற்றியது பாட்டியின் பிஸ்கட் டின். இந்த வார இறுதியில் உங்கள் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். செம்மண் நிறமான படங்களுக்குப் பின்னால், எங்கோ ஓர் உறைக்குள், உங்கள் வீட்டு முகங்களும் காத்திருக்கக்கூடும்.